பெட்டியில் 5 வோல்ட், வால்வின் காலில் எவ்வளவு?

போன எபிசோடில் ஹாம் ரேடியோ லீனியர் ஆம்பிளிஃபயர் பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: "வால்வு ஆம்பிளிஃபயர் ஒண்ணு சொந்தமா கட்டலாம்னு இருக்கேன். ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர், வால்வு எல்லாம் பாத்து வச்சிட்டேன். ஃபிலமென்ட்டுக்கு ஏதாவது ஒரு 5 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா போதும்தானே?"

போதாது. அந்த "ஏதாவது ஒரு" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஆம்பிளிஃபயர் கட்டுறவங்க எல்லா அக்கறையையும் மூவாயிரம் வோல்ட் பக்கம் கொட்டிவிட்டு, வால்வின் ஆயுளைத் தீர்மானிக்கிற ஐந்து வோல்ட்டைக் கடைசியில் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேத்துறாங்க. என் கருத்து இதுதான்: டிரான்ஸ்ஃபார்மர் மேல் எழுதியிருக்கும் எண்ணை வாங்காதீங்க. வால்வின் காலில் என்ன வோல்ட் வரணும் என்பதில் ஆரம்பித்து, சுவரை நோக்கிப் பின்னால் நடந்து வாங்க. வழியில் எங்கே எவ்வளவு குறையுது, எங்கே கூடுது என்று கணக்குப் போட்ட பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடணும்.

இதை இப்போ சொல்ல ஒரு காரணம் இருக்கு. இங்கே பிரிட்டனில் முழு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 400 வாட்டாக இருந்த உச்ச வரம்பை, பல பட்டைகளில் 1000 வாட்டாக ஆஃப்காம் 2024ல் உயர்த்தியது. அதனால் பரணில் தூங்கின பழைய ஆம்பிளிஃபயர்கள் இறங்கி வருது. புதுசா கட்டணும் என்ற ஆசையும் வருது. நல்லதுதான். ஆனா அந்த வால்வுகள் இனி எளிதாகக் கிடைக்கப் போவதில்லை. 3-500இசட் என்ற வால்வை எடுத்துக்குங்க. 1970களில் ஹீத்கிட் கம்பெனியின் எஸ்பி-220 ஆம்பிளிஃபயரில் ரெண்டு ரெண்டாக உட்கார்ந்திருந்தது இதுதான். இன்றைக்கு நல்லதாக ஒன்று வாங்க நூற்றுக்கணக்கில் பவுண்டு வைக்கணும். கெட்டுப் போனால் இன்னொன்று மாட்டிக்கலாம் என்ற காலம் போயிடுச்சு.

சரி, ஃபிலமென்ட் என்ன பண்ணுது? வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் வால்வு ரேடியோ பற்றிக் கேட்டுப் பாருங்க. சுவிட்ச் போட்டவுடனே இலங்கை வானொலி பாடாது. உள்ளே செம்மஞ்சளா ஒரு வெளிச்சம் வந்து, சூடேறி, அப்புறம்தான் மெல்லச் சத்தம் வரும். அந்தச் சூடுதான் விஷயம். உலோகம் போதுமான அளவு சூடானால்தான் எலக்ட்ரான்கள் அதை விட்டு வெளியே வரும். (அமெரிக்காவில் டியூப் என்பார்கள், நம்ம ஊரிலும் இங்கேயும் வால்வுதான், நான் அப்படியே வச்சுக்கிறேன்.)

3-500இசட்டில் ஃபிலமென்ட்டே நேரடியாக எலக்ட்ரானைக் கொடுக்குது. அது டங்ஸ்டன் கம்பி. அதில் கொஞ்சம் தோரியம் கலந்து, மேற்பரப்பைக் கார்பனோடு சேர்த்துக் கார்பைடாக்கி இருப்பாங்க. எலக்ட்ரான் தருவது மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய தோரியப் படலம். அந்தப் படலம் சீக்கிரம் ஆவியாகிப் போகாமல் காப்பது கார்பைடு. சூடு கூடக் கூட கார்பன் வேகமாகக் கரையும். கார்பன் தீர்ந்தால் வால்வு ஒளிரும், ஆனா வேலை செய்யாது. இந்த வகை வால்வுகளுக்கு ஐமாக் கம்பெனி சொல்லி வந்த ஒரு கைக்கணக்கு உண்டு: ஃபிலமென்ட் வோல்ட் 3 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகும். 3 சதவீதம் என்றால் 5 வோல்ட்டில் 0.15 வோல்ட். சாதாரண மல்டிமீட்டரில் கண்ணுக்குத் தட்டாத வித்தியாசம்!

3-500இசட் கேட்பது 5.0 வோல்ட், சுமார் 14.5 ஆம்பியர். மேலும் கீழும் 5 சதவீதம் இடம் உண்டு: 4.75 முதல் 5.25 வரை. அதாவது மொத்தமே அரை வோல்ட் வாசல். இந்த வாசலுக்குள் நிற்க முடியுமா என்பதுதான் முழுக் கதையும்.

முதல் பிரச்சினை சுவரிலேயே இருக்கு. பிரிட்டனில் மெயின்ஸ் 230 வோல்ட் என்பது காகிதத்தில். முன்னாடி இங்கே 240, ஐரோப்பாவில் 220. எல்லாரும் ஒரே எண் சொல்லணும் என்று 1990களில் 230 ஆக்கினாங்க. அனுமதிக்கிற வரம்பை மாற்றி எழுதினாங்களே தவிர, கம்பியில் வந்தது பெரும்பாலும் அதே பழைய மின்சாரம்தான். இன்றைய வரம்பு கிட்டத்தட்ட 216 முதல் 253 வரை. உங்கள் வீட்டில் 242 காட்டினால் ஆச்சரியப்படாதீங்க. கனடா, அமெரிக்காவில் இருக்கிறவங்களுக்கு இதே கதை வேறு எண்ணில்: பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் 115 அல்லது 117 என்று போட்டிருக்கும், சுவரில் 120க்கு மேல் வரும். 117க்குக் கட்டிய 5 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் 124 கொடுத்தால் 5.3 வோல்ட். வாசலைத் தாண்டியாச்சு.

ரெண்டாவது பிரச்சினை, "பெருசா இருந்தா நல்லது" என்ற பழைய ஹாம் வேதவாக்கு. இதை நான் ஏற்கவே மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மரில் "5 வோல்ட், 30 ஆம்பியர்" என்று எழுதியிருந்தால், 30 ஆம்பியர் இழுக்கும்போது 5 வோல்ட் வரும் என்று அர்த்தம். பாதிச் சுமையில் அதைவிடக் கூடத்தான் வரும். முழுச் சுமைக்கும் வெறுமைக்கும் 6 சதவீதம் வித்தியாசம் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் என்றால், ஒற்றை 3-500இசட்டை மாட்டும்போது 3 சதவீதம் கூடுதல். அந்த 3 சதவீதத்துக்கு என்ன விலை என்று மேலே பார்த்தோம்.

கணக்கை முழுசா ஒரு தடவை போடலாம். ஒரே ஒரு 3-500இசட், லண்டனில் ஒரு வீடு, சுவரில் 242 வோல்ட்.

வால்வின் காலில் ஆரம்பிப்போம். கிரவுண்டட் கிரிட் என்ற அமைப்பில்தான் பெரும்பாலான லீனியர்கள் இருக்கு. அதில் உங்கள் ரேடியோவில் இருந்து வரும் சிக்னல் நேராக ஃபிலமென்ட்டுக்குள் போகுது. ஃபிலமென்ட்டை டிரான்ஸ்ஃபார்மரோடு நேரடியாக இணைத்தால் சிக்னல் அந்த வழியே பூமிக்கு ஓடிப்போகும். அதனால் நடுவில் ஒரு சோக்: ஃபெரைட் கம்பி மேல் ரெண்டு தடித்த எனாமல் வயரை அக்கம்பக்கமாகச் சுற்றியது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் எதிரெதிர் திசையில் இருப்பதால், 14.5 ஆம்பியர் ஓடினாலும் ஃபெரைட் காந்தத்தில் திணறாது. அழகான யோசனை. ஆனா அந்த வயருக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு.

சோக்கில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் என்று வைப்போம். மொத்தம் 2 மீட்டர், சுமார் 14 மில்லி ஓம். 14.5 ஆம்பியரில் 0.2 வோல்ட் அங்கேயே போச்சு. டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து சோக் வரை அதே தடிமனில் ஆளுக்கு 30 சென்டிமீட்டர்: இன்னும் 0.06. ஆக டிரான்ஸ்ஃபார்மர் முனையில் 5.26 வோல்ட் இருந்தால்தான் காலில் 5.0 வரும்.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. "230க்கு 5 வோல்ட், 15 ஆம்பியர்" என்று சரியாகக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் 242ல் எவ்வளவு தரும்? 5.26. அப்படியே பொருந்துது. ஆனா அதே இடத்தில் 220க்குக் கட்டிய, 30 ஆம்பியர் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்க. மெயின்ஸால் 5.5, பாதிச் சுமையால் கிட்டத்தட்ட 5.67, கழிவு போகக் காலில் 5.4. 8 சதவீதம் கூடுதல். ஐமாக் கைக்கணக்கில் ஆயுள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர் மேலும் "5 வோல்ட்" என்றுதான் எழுதியிருந்தது.

குறையும் பக்கமும் சொல்லணும். மெல்லிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ரெண்டு வால்வுக்குச் சேர்த்து 29 ஆம்பியர் ஓட்டினால், அதே 30 சென்டிமீட்டர் ஜோடியிலேயே 0.2 வோல்ட் போகும், வயரும் சூடாகும். சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். வெறும் 10 மில்லி ஓம் கூடினால் ஒரு காலில் 2 வாட் சூடு. இந்த வால்வின் கால்களில் உள்ள ஈயப்பற்று உருகி விடுவது ஹாம்களுக்குத் தெரிந்த வியாதி. டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்வதற்கு முன்னாடி சாக்கெட்டைப் பாருங்க.

அப்போ எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்? தேவையான கரண்ட்டுக்கு மேல் 20, 30 சதவீதம் இருந்தால் போதும். அதுக்குக் கீழேயும் போக வேண்டாம். ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் பேசும்போது மட்டும் உழைக்குது, மூச்சு விடும் இடைவெளியில் ஆறிக்கும். அதில் கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணலாம். ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தச் சலுகை கிடையாது. நீங்க கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது 73 வாட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வேறு வால்வு என்றால் வேறு தாள். 811ஏ 6.3 வோல்ட், 4 ஆம்பியர். 813 10 வோல்ட், 5 ஆம்பியர். 8877 5 வோல்ட், 10.5 ஆம்பியர். பலரும் கவனிக்காமல் விடுவது 4சிஎக்ஸ்250பி: அதுக்கு 6.3 இல்லை, 6.0 வோல்ட். 5 சதவீத வரம்பின் மேல் விளிம்பே 6.3 தான். "6.3 டிரான்ஸ்ஃபார்மர்தான் எங்கேயும் கிடைக்குதே" என்று மாட்டி, சுவரிலும் 242 இருந்தால், 6.6 வோல்ட். இன்னொரு விஷயம்: 8877, 4சிஎக்ஸ்250பி எல்லாம் வேறு ஜாதி. அவற்றில் ஹீட்டர் தனி, ஆக்சைடு பூசிய கேதோடு தனி. அதை ரொம்பக் குறைத்து ஓட்டினாலும் கெடும். கேதோடு முழுசா சூடாகும் முன்னாடி ஹை வோல்டேஜோடு வேலை வாங்கினாலும் கெடும். தோரியம் வால்வுக்குச் சொன்ன "கொஞ்சம் குறைச்சு ஓட்டு" அறிவுரையை இதுக்குக் கொண்டு போகாதீங்க.

இதனால்தான் ஃபிலமென்ட்டுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேணும் என்று பிடிவாதமாகச் சொல்றேன். ஒரே பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் ஹை வோல்டேஜும் ஃபிலமென்ட்டும் சேர்ந்து இருந்தால் விலை குறையும், எடை குறையும், வாஸ்தவம். ஆனா பேசும்போது சுமை ஏறினால் ஃபிலமென்ட் வோல்ட்டும் சேர்ந்து ஆடும். முக்கியமா, ஹை வோல்டேஜ் இல்லாமல் ஃபிலமென்ட்டை மட்டும் எரிய விட்டு அளக்க முடியாது. அளக்க முடியாததை எப்படிச் சரி பண்ணுவீங்க?

வயரிங் பக்கம் வருவோம்.

வோல்ட்டைக் குறைக்கிற வேலையை எப்பவும் பிரைமரி பக்கம் பண்ணுங்க. மேலே சொன்ன 5.4 வோல்ட் கேஸில், செகண்டரியில் ரெசிஸ்டர் போட்டால் 14.5 ஆம்பியருக்கு மில்லி ஓம் கணக்கில் தேடணும். பிரைமரியில் ஓடுவது ஏறக்குறைய 0.33 ஆம்பியர்தான். 17 வோல்ட் குறைக்கணும் என்றால் 50 ஓம், 6 வாட் சூடு. 47 ஓம், 25 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர் ஒன்றைச் சாசியில் திருகி விட்டால் முடிஞ்சது. சூடு பிடிக்காதவங்களுக்கு இன்னொரு வழி: சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியோடு தொடராக, எதிர் திசையில் இணைப்பது. 242ல் 12 கழிந்து 230 போகும். திசை மாறிப்போனால் கழிவதற்குப் பதில் கூடும். அதனால் வால்வை மாட்டும் முன்னாடியே மீட்டரில் பார்த்திடுங்க. நான் ரெசிஸ்டர் கட்சி. ஏன் என்றால் அது இன்னொரு வேலையும் செய்யுது.

குளிர்ந்த டங்ஸ்டனின் ரெசிஸ்டன்ஸ், சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். எரியும்போது 0.345 ஓம், சுவிட்ச் போடும் நொடியில் 0.035. பெரிய, இறுக்கமான டிரான்ஸ்ஃபார்மர் அந்த நொடியில் 70, 80 ஆம்பியரைக்கூட அள்ளி விடும். அந்த அளவு கரண்ட் ஃபிலமென்ட்டில் காந்த உதை கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் கம்பி கொஞ்சம் துள்ளும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மேல் எனக்குள்ள ரெண்டாவது கோபம் இது. 47 ஓம் இதைக் கொஞ்சம் அடக்கும், முழுசா அடக்காது. அதோடு தொடராக இன்னொரு 200 ஓம் போட்டு, ரெண்டு மூன்று விநாடி கழித்து ஒரு ரிலே அந்த 200ஐ மட்டும் குறுக்கே இணைத்து விலக்கினால், தொடக்கக் கரண்ட் வழக்கமானதைப் போல ரெண்டு மடங்கு அளவில் நின்றிடும். ரிலே ஒட்டாமல் போனால் அந்த ரெசிஸ்டர் கிடந்து வேகும். பக்கத்தில் ஒரு தெர்மல் ஃபியூஸ் கட்டி வைங்க.

ரெண்டு வைண்டிங்கைச் சேர்ப்பது பற்றி. தொடராகச் சேர்த்தால் வோல்ட் கூடும், அல்லது ஒன்றை ஒன்று கொன்று சுழியாகும்; எது என்று மீட்டர் சொல்லும். ரெண்டு 6.3 சேர்ந்து 12.6 வந்தால் ரஷ்ய ஜியு-74பி வால்வுக்குக் கச்சிதம். இணையாகச் சேர்ப்பது மட்டும் கவனம்: ரெண்டும் ஒரே மாதிரி வைண்டிங்காக இருக்கணும். முதல்ல ஒரு முனையை மட்டும் சேர்த்து, மற்ற ரெண்டு முனைக்கு நடுவில் அளந்து, சுழி வந்தால் மட்டுமே சேர்க்கணும்.

செகண்டரியில் நடு முனை இருந்தால் நல்லது. பிளேட் கரண்ட் முழுவதும் ஃபிலமென்ட் வழியாகத்தான் திரும்பி வரணும். நடுவில் இருந்து எடுத்தால் ரெண்டு பக்கமும் சமமாகும். நடு முனை இல்லை என்றால் ஒரு பக்கத்தில் இருந்தே எடுத்துக்கலாம், காதில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. ஆடியோ ஆம்பிளிஃபயர் கட்டின பழக்கத்தில் ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் போலி நடு முனை உண்டாக்காதீங்க. இங்கே 0.4 ஆம்பியர் அது வழியாக ஓடும். 20 வோல்ட் அங்கேயே நிற்கும், 8 வாட் எரியும்.

காற்றாடியை ஃபிலமென்ட்டோடு அதே சுவிட்சில் கட்டுங்க. பேசினாலும் பேசாட்டியும், ஃபிலமென்ட் எரியும் நேரமெல்லாம் கண்ணாடியும் கால்களும் சேரும் இடத்துக்குக் காற்று வேணும். ஹை வோல்டேஜ் அதுக்குப் பிறகுதான் வரணும்.

அளப்பது எப்படி? இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீங்க. உள்ளே இருப்பது 2500, 3000 வோல்ட். அது ரெண்டாவது வாய்ப்பு தராது. பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்கள் இறங்கினதை மீட்டரில் பார்த்து, முனைகளைச் சாசியோடு குறுக்கே இணைத்து விடுங்க. ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயரைக் கழற்றி வெளியே எடுத்துடுங்க. சுவிட்சை ஆஃப் பண்ணினால் போதாது, கழற்றணும். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் செய்யுங்க. மீட்டர் முனைகளை முதலிலேயே சாக்கெட் கால்களில் கிளிப் போட்டு மாட்டி, பிறகு ஃபிலமென்ட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்க. கைகள் வெளியே.

மீட்டர் உண்மையான ஆர்எம்எஸ் காட்டுவதா இருக்கணும். நம்ம வீட்டு மெயின்ஸ் அலை இப்போ அழகான சைன் அலை கிடையாது, உச்சி தட்டையா இருக்கு. மலிவு மீட்டர் அதில் தடுமாறும். நாம தேடுவது 0.15 வோல்ட் என்பதை மறக்காதீங்க. காலில் உள்ள வோல்ட்டைக் குறிக்கும் அதே நேரம் சுவரில் உள்ளதையும் குறிங்க. "சுவர் 242, கால் 5.02" என்று ஒரு சீட்டு எழுதி மூடிக்குள்ளே ஒட்டி வைங்க. பிறகு சுவர் வோல்ட்டைப் பார்த்தாலே காலில் என்ன இருக்கும் என்று விகிதத்தில் சொல்லிடலாம், திரும்பத் திறக்க வேண்டாம்.

இதுக்கு எதிரா வரும் நல்ல வாதம் ஒன்று இருக்கு, அதையும் பார்த்திடலாம். "எதுக்கு இந்த இரும்புக் குண்டு? 5 வோல்ட் 20 ஆம்பியர் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை மலிவா கிடைக்குது. சுவரில் என்ன வந்தாலும் வோல்ட் மாறாது, ஒரு ஸ்க்ரூவைத் திருகினா 5.26 வச்சுக்கலாம்." நியாயமான பேச்சு. ஃபிலமென்ட்டுக்கு டிசி, ஏசி பேதம் கிடையாது, சூடுதான் வேணும். பலர் அப்படி ஓட்டுறாங்க. என் தயக்கம் ரெண்டு. குளிர்ந்த ஃபிலமென்ட்டை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துச் சில சப்ளைகள் அணைந்து அணைந்து எரியும். சில மெல்லத் தூக்கி நன்றாகவே எரிய வைக்கும். வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ரெண்டாவது, அந்தப் பெட்டி எழுப்பும் ரேடியோ இரைச்சல். தூரத்து நாட்டில் இருந்து வரும் மெல்லிய குரலைப் பிடிக்கத்தானே இவ்வளவு பாடும்? பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டே நம்ம பெட்டிக்குள் இன்னொன்றை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. நல்ல ஃபில்டர் போட்டு அடக்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அந்த உழைப்பையும் விலையில் சேர்த்துக்குங்க.

அதே போல மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, ஹை வோல்டேஜ் வைண்டிங்கை வெட்டி எடுத்து, தடித்த வயரால் புதுசா காயில் கட்டுறது. வீடியோவில் பார்க்க நல்லா இருக்கும். அதில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் வரும். நமக்கு வேண்டியது 5.26, கிடைப்பது ஐந்தோ ஆறோ சுற்று. நடுவில் நிறுத்த இடம் இல்லை. கூடவே அது சும்மா இருக்கும்போதே திணறிச் சூடாகும் ரகம். அந்த ஆசை இருந்தால் 120, 160 விஏ டொராய்டு ஒன்று வாங்குங்க. அதன் மேல் மெல்லிய வயரில் பத்துச் சுற்றுச் சுற்றி வோல்ட்டை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று தெரியும். அங்கே படி சின்னது, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். டொராய்டை மாட்டும்போது நடு போல்ட்டின் ரெண்டு முனையும் சாசியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த போல்ட்டே ஷார்ட்டான ஒரு சுற்று ஆகிவிடும்.

கடைசியா, ராலிகளில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வாங்குறவங்களுக்கு. "2.5 வோல்ட், 10 ஆம்பியர்" என்று பெரிய பீங்கான் முனைகளோடு கனமாக ஒன்று மேசையில் கிடக்கும். அது 866 என்ற பாதரச ரெக்டிஃபயர் வால்வு ஜோடிக்காகச் செய்தது. ஆயிரக்கணக்கான வோல்ட் மேல் மிதக்கணும் என்பதால் அவ்வளவு இன்சுலேஷன். உங்கள் லீனியரில் ஃபிலமென்ட் பூமிக்குப் பக்கத்திலேயே இருக்கு, அந்தப் பீங்கானுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ரெண்டைத் தொடராகச் சேர்த்தால் 5 வோல்ட் வரும், ஆனா 10 ஆம்பியர்தான். 3-500இசட்டுக்குப் பற்றாது.

வாங்கி வந்ததை வால்வில் சோதிக்காதீங்க. 3-500இசட் போலவே 0.345 ஓம் சுமை ஒன்று உங்கள் கொட்டகையிலேயே இருக்கலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் ரெண்டு கோர் வயர் 15 மீட்டர் எடுத்து, பிளக் மாட்டியிருந்தால் முதலில் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு முனையில் ரெண்டு கோரையும் சேர்த்து முறுக்குங்க. மறுமுனையை டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் மாட்டுங்க. போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர் செம்பு. சுருட்டி வைக்காமல் தரையில் நீளமாகப் பரப்பி விடுங்க, 70 வாட்டுக்கு மேல் சூடு வரும். ஒரு மணி நேரம் ஓடட்டும். டிரான்ஸ்ஃபார்மர் முனையில் வோல்ட்டையும் சுவரில் வோல்ட்டையும் எழுதிக்குங்க, அதன் மேல் கை வைத்துப் பாருங்க. ரெண்டு விநாடி கை தாங்கலைன்னா, அது வேற யாராவது வாங்கட்டும்.